ஊறுகாய் பாட்டிலில் பாதரசம்

வளாகத்தில் இருக்கும் பாதரச வெப்பமானிகளை எல்லாம் ஒரு மாதத்துக்குள் திரும்பப் பெற்று, அவற்றுக்குப் பதிலாகப் பாதுகாப்பான கருவிகளை வைக்க வேண்டும் என்று பதிவாளரிடமிருந்து சுற்றறிக்கை வந்தபோது, நான் ஆய்வகப் பாதுகாப்புக் குழுவின் தலைவியாக இருந்தேன். தலைவி என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. முந்தைய தலைவர் ஓய்வு பெற்ற பிறகு நடந்த கூட்டத்துக்கு நேரத்தோடு வந்து உட்கார்ந்தவள் நான் ஒருத்திதான்.

நான் வேதியியல் ஆசிரியை. ஸ்ரீரங்கத்தில் குடியிருக்கிறேன். நான் வேலை பார்த்த தனியார் பல்கலைக்கழகம் ஊரின் மறுகோடியில், நெடுஞ்சாலையை ஒட்டி இருந்தது. காலை ஏழேகாலுக்கு எங்கள் பஸ்ஸைப் பிடித்தால், காவிரிப் பாலத்தில் ஊர்ந்து, சத்திரம் பேருந்து நிலையத்து நெரிசலில் மாட்டி, வளாகத்துக்குள் நுழையும்போது எட்டரை ஆகிவிடும். அன்று பஸ்ஸிலேயே செல்போனில் சுற்றறிக்கையைப் படித்தேன். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கொரோனாவுக்குப் பிறகு கல்லூரிகள் முழுதாகத் திறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. வாசலில் காவலாளிகூட நெற்றிக்கு நேரே துப்பாக்கி மாதிரி ஒன்றை நீட்டிக் காய்ச்சல் பார்த்துவிடுவார். நாங்கள் மட்டும் இன்னும் கண்ணாடிக் குழாய்க்குள் பாதரசத்தை வைத்துக்கொண்டிருந்தோம். நல்ல காரியம், சின்னக் காரியம், ஒரு மாதத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

துணைக்கு யார் வேண்டும் என்று அலுவலகத்தில் கேட்டார்கள். யோசிக்காமல் அக்காவின் பேரைச் சொன்னேன்.

அக்கா எங்கள் துறையின் ஆய்வக உதவியாளர். என்னைவிட ஆறு வயது மூத்தவர். துவாக்குடியில் வீடு. கணவர் அங்கே ஒரு சின்னப் பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்து, மாரடைப்பில் போய்விட்டார். ஒரே மகள், கல்யாணமாகி அதே தெருவில் இருந்தாள். நான் வேலையில் சேர்வதற்கு நாலு வருஷம் முன்பே அக்கா சேர்ந்திருந்தார். எந்த அலமாரியில் எந்தக் குப்பி, எந்தக் குழாய் ஒழுகும், எந்தப் பேராசிரியர் பியூரெட்டை எடுத்துப் போனால் திருப்பித் தரமாட்டார் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். ஒரு காலத்தில் அவர் சத்தம் போட்டால் மாடியில் கேட்கும். "ஏம்ப்பா, அந்த ஆசிட்டைக் கையில வச்சுக்கிட்டு என்ன கதை?" என்று ஒரு அதட்டல் விட்டால் முப்பது பிள்ளைகளும் வாயை மூடிக்கொள்வார்கள்.

நாங்கள் ஒரு தள்ளுவண்டியை எடுத்துக்கொண்டோம். அதில் ஒரு பிளாஸ்டிக் தட்டு, கீழே பழைய செய்தித்தாள், ஒரு டப்பாவில் கந்தகப் பொடி. வழியில் ஏதாவது உடைந்தால் தூவுவதற்கு; சிந்திய பாதரசத்தை அது கட்டிவிடும். துறை துறையாகப் போனோம்.

கொடுக்க யாருக்கும் மனசில்லை. இயற்பியல் துறைத் தலைவர் என்னை உட்காரக்கூடச் சொல்லாமல் வாதாடினார்.

"சிவப்பா ஆல்கஹால் ஊத்தின தெர்மாமீட்டரை வச்சுக்கிட்டு நூறு டிகிரிக்கு மேல என்னங்க பாக்கறது? நாங்க எண்ணெய்ல முக்கி இருநூறு வரைக்கும் போறோம்."

"அதுக்கு டிஜிட்டல் வருது சார். கம்பி மாதிரி முனை இருக்கும், அதை எண்ணெய்ல விட்டுடலாம்."

"பேட்டரி தீர்ந்தா யாரு போடுவா?"

கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டோம். உயிரியல் துறையில் முட்டை பொரிக்கும் பெட்டி போல ஒரு வளர்ப்புப் பெட்டிக்குள் இருந்ததை உருவினோம். மருத்துவ அறையில் நர்ஸ் அம்மா ரத்த அழுத்தம் பார்க்கும் பழைய பாதரசக் கருவியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "இதுல பாத்தாத்தான் மேடம் எனக்கு நம்பிக்கை வருது" என்றார். விடுதிகளின் முதலுதவிப் பெட்டிகளில் இருந்தவற்றில் பாதிக்குமேல் ஏற்கெனவே உடைந்திருந்தன. உள்ளே இருந்தது எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. பெருக்கித் தள்ளியிருப்பார்கள்.

இரண்டாம் நாள் மதியம், மருந்தியல் கட்டடத்தின் வராந்தாவில் அக்கா வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். தட்டில் இருந்த கண்ணாடிக் குழாய்கள் ஒன்றோடு ஒன்று இடித்துக் கிணுகிணுவென்று சத்தம் கேட்டது. தரை மேடுபள்ளம், சக்கரம் ஆடுகிறது என்று நினைத்தேன். ஒரு கதவுக்கு முன்னால் நின்றோம். வண்டி நின்ற பிறகும் சத்தம் நிற்கவில்லை.

நான் அவர் கைகளைப் பார்த்தேன். வண்டியின் கைப்பிடியைப் பிடித்திருந்த இரண்டு கைகளும் நடுங்கிக்கொண்டிருந்தன.

"என்னக்கா இது?"

அவர் சட்டென்று கைகளை எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டார். "ஒண்ணுமில்லைங்க மேடம். காலைல சரியா சாப்பிடலை."

"எவ்வளவு நாளா?"

"வயசாகுதுல்ல" என்றார். அவருக்கு அப்போது ஐம்பத்து நாலு.

மூன்றாம் நாள் எங்கள் சொந்த ஆய்வகத்துக்கு வந்தோம். அதைக் கடைசியாக வைத்திருந்தேன், சுலபம் என்று. இழுப்பறைகளைத் திறந்தோம். மரப்பலகை இடுக்குகளில் கடுகுபோலவும் கடுகில் பாதி போலவும் பாதரச உருண்டைகள் கிடந்தன. தொட்டிகளின் கீழே, தரை ஓட்டின் விரிசல்களில், ஜன்னல் ஓரத்தில். அக்கா ஒவ்வொரு இடமாகக் காட்டினார். அவருக்கு எல்லா இடமும் தெரிந்திருந்தது. நான் கந்தகப் பொடியைத் தூவிக்கொண்டே அவர் பின்னால் போனேன். குளிர்சாதனம் போட்டதிலிருந்து அந்த ஜன்னல்களை நாங்கள் திறந்ததே இல்லை.

பிறகு அவர் புகைபோக்கி மேடைக்கு அடியில் இருந்த அலமாரியைத் திறந்து, குனிந்து, உள்ளேயிருந்து ஒரு ஊறுகாய் பாட்டிலை இரண்டு கையாலும் எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இதையும் சேத்துக்கங்க மேடம்."

மேலே தண்ணீர், கீழே இரண்டு விரல் உயரத்துக்குப் பாதரசம். மூடியில் துரு. நான் தூக்கிப் பார்த்தேன். அந்த அளவுப் பாட்டில் அவ்வளவு கனக்கும் என்று கை எதிர்பார்க்கவில்லை. மணிக்கட்டு ஒரு நிமிஷம் தாழ்ந்துவிட்டது.

"எங்கேருந்துக்கா இவ்வளவு?"

"உடையறப்ப உடையறப்ப எடுத்து வச்சதுதான். நீங்க சேர்ந்த வருஷத்துலேருந்து. துணியில போட்டு வடிகட்டித் தூசியெல்லாம் எடுத்துட்டுத்தான் ஊத்துவேன். சுத்தமா இருக்கும்."

"வெறுங்கையிலயா?"

அவர் என்னைப் பார்த்தார். குற்றம் சொல்லும் பார்வை இல்லை அது. நான் மறந்துவிட்டேனே என்ற ஆச்சரியம்தான்.

"நீங்கதானே மேடம் சொன்னீங்க. வீணாக்காதீங்க, விலை ஜாஸ்தின்னு."

சொன்னேன். அவர் சொன்னதும் எனக்கு முழுக்க நினைவுக்கு வந்துவிட்டது. நான் வேலையில் சேர்ந்த முதல் பருவம். ஒரு மாணவி உருகுநிலை பார்க்கும்போது வெப்பமானியைக் கொதிநீரிலிருந்து எடுத்துக் குழாய்த் தண்ணீரில் காட்டிவிட்டாள். அது படக்கென்று வெடித்து, பாதரசம் மேசையெல்லாம் ஓடியது. அந்தக் காலத்தில் எங்கள் துறைக்குப் பொருள் வாங்குவது பெரும்பாடு. நான் அக்காவைக் கூப்பிட்டு, அதை வீணாக்காமல் எடுத்து வைக்கச் சொன்னேன். அவர் ஒரு தாளின் ஓரத்தால் எல்லாவற்றையும் கூட்டிச் சேர்த்து, உள்ளங்கையில் ஒரே உருண்டையாக ஏந்திக்கொண்டு வந்து எனக்குக் காட்டினார். கை கொஞ்சம்கூட அசையவில்லை. "சபாஷ்க்கா" என்றேன். மாணவிகள் கைதட்டினார்கள். அதே வாரம்தான் நான் இரண்டாம் ஆண்டு வகுப்பில், பாதரச ஆவி நரம்பு மண்டலத்தைத் தாக்கும் நஞ்சு என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு, தேர்வுக்கு வரும் என்று அடிக்கோடும் போட்டேன். இரண்டும் ஒரே தலைக்குள்தான் இருந்தன. ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளவே இல்லை.

அன்று நான் பாட்டிலின் வாயை டேப் போட்டு ஒட்டினேன். பிறகு ஓய்வறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ரொம்ப நேரம் கை கழுவினேன்.

அதற்குப் பின் ஒவ்வொன்றாக நினைவுக்கு வர ஆரம்பித்தது. பொதுமுடக்கத்தின்போது வளாகமே பூட்டிக் கிடந்த மாதங்களில், வாரம் ஒருமுறை ஆய்வகத்தைத் திறந்து பார்த்துத் துடைத்துவிட்டுப் போனது அக்கா. அடைத்துக் கிடந்த அந்த அறையில் அரைநாள் தனியாக இருப்பார். அதற்கப்புறம் அவருடைய சத்தம் குறைந்துவிட்டது. பிள்ளைகளை அதட்டுவதில்லை. யாராவது புதிதாக வந்தால் பொருள் வைக்கும் அறைக்குள் போய் நின்றுகொள்வார். "என்னக்கா, ஒதுங்கிப் போறீங்க?" என்று ஒருதரம் கேலியாகக்கூடக் கேட்டேன். ஈறு வீங்கிவிட்டது என்று சோற்றைத் தண்ணீர் விட்டுக் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தார் சில நாள். இவை எல்லாம் பாதரச நஞ்சைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் இருக்கிற வரிகள். நான் வருஷா வருஷம் நடத்தியவை.

அவரை டாக்டரிடம் கூட்டிப்போக இரண்டு வாரம் கெஞ்ச வேண்டியிருந்தது. தில்லைநகரில் நரம்புக்குப் பார்க்கும் ஒரு டாக்டர். அக்காவின் மகளும் வந்தாள். டாக்டர் பொறுமையாகப் பார்த்தார். கையை நீட்டச் சொன்னார், மூக்கைத் தொடச் சொன்னார், ஒரு தாளில் வட்டச் சுருள் வரையச் சொன்னார். அக்கா வரைந்தது மழையில் நனைந்த கோலம் மாதிரி இருந்தது. சர்க்கரை, தைராய்டு எல்லாவற்றுக்கும் எழுதிக்கொடுத்தார். நான் பாதரசத்தைப் பற்றிச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சிறுநீர்ல பாக்கலாம். ஆனா இங்க செய்ய மாட்டாங்க, வெளியூருக்கு அனுப்பணும். எப்பத் தொட்டாங்க கடைசியா?"

"போன மாசம் வரைக்கும்."

"அனுப்புவோம்."

பன்னிரண்டு நாள் கழித்து முடிவு வந்தது. வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல். ஆனால் ஆபத்து என்று அவர்கள் குறிக்கிற கோட்டுக்குக் கீழே. நான் அந்தத் தாளைத் திரும்பத் திரும்பப் படித்தேன். டாக்டரிடம், "அப்ப இது பாதரசத்தாலயா, இல்லையா?" என்று கேட்டேன்.

"இருக்கலாம்மா. இல்லாமலும் இருக்கலாம். இந்தச் சோதனை சமீபத்துல உள்ள போனதைத்தான் சொல்லும். பத்து வருஷம் முன்னாடி போனதை எது சொல்லும்? பரம்பரையா வர்ற நடுக்கம் இருக்கு. பார்க்கின்சன்ஸ் ஆரம்பம்கூட இப்படி இருக்கலாம். முதல்ல அந்த இடத்துலேருந்து அவங்களை வெளிய எடுங்க. அதுதான் என்னால உறுதியா சொல்ல முடியும்."

அக்கா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அவரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதே தெரியாதவர் போலச் சுவரில் தொங்கிய மூளைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாளே பதிவாளருக்குக் கடிதம் எழுதினேன். நீண்ட காலம் பாதரசத்தைக் கையாண்டதால் இவருக்கு உடல்நலம் கெட்டிருக்கக்கூடும். உடனே வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும். சிகிச்சைக்கு நிர்வாகம் பொறுப்பேற்க வேண்டும். வெப்பமானிகளைக் கையாண்ட மற்ற உதவியாளர்களையும் பரிசோதிக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தேன்.

பதிவாளர் கெட்டவர் இல்லை. எழுந்து நின்று வரவேற்றார், காபி வரவழைத்தார். கடிதத்தை இரண்டுமுறை படித்தார்.

"மேடம், நான் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. 'பாதரசத்தால'ன்னு இதுல இருக்கே, இந்த வார்த்தை இருந்தா இது என் கையில நிக்காது. வக்கீலுக்குப் போகும். அவர் ஒரு கமிட்டி போடச் சொல்வார். கமிட்டி டாக்டர் சர்டிபிகேட் கேக்கும். உங்க டாக்டர் 'ஆமா, இதனாலதான்'னு எழுதிக் கொடுப்பாரா?"

"மாட்டார்."

"அப்ப ஆறு மாசம், எட்டு மாசம் ஓடும். அதுவரைக்கும் அவங்க அதே லேப்லதான் இருப்பாங்க. 'உடல்நிலை காரணமா'ன்னு மட்டும் எழுதுங்க. நாளைக்கே லைப்ரரிக்கு மாத்திடறேன்."

நான் யோசிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். உண்மையில் யோசிக்க எதுவும் இல்லை. எனக்குத் துணிச்சல் இல்லை, அவ்வளவுதான். அக்காவைத் தேடிப் போனேன். அவர் ஆய்வகத்துக்கு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். டாக்டர் சொன்னதிலிருந்து அவரை உள்ளே போகவேண்டாம் என்று சொல்லியிருந்தேன். போகிற வருகிறவர்கள் எல்லாம் அவரைத் தாண்டிப் போனார்கள். பதிவாளர் சொன்னதை அப்படியே சொன்னேன். எழுதினால் என்ன ஆகும், எழுதாவிட்டால் என்ன ஆகும் என்று இரண்டையும் விளக்கினேன்.

"நீங்க சொல்லுங்கக்கா. உங்க விருப்பம்தான். நீங்க போடச் சொன்னா போடறேன், என்ன ஆனாலும் சரி."

அவர் முந்தானையை இழுத்துக் கைகளை மூடிக்கொண்டார். பிறகு, "நீங்க படிச்சவங்க. நீங்க எது சரின்னு நினைக்கிறீங்களோ அதைப் போடுங்க மேடம்" என்றார்.

அவர் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் அறைக்குப் போய், அந்த வார்த்தையை எடுத்துவிட்டு, கடிதத்தை மறுபடி அடித்தேன். மற்ற உதவியாளர்களைப் பற்றிய வரியும் அதோடு போயிற்று. பதிவாளர் வாக்குத் தவறவில்லை. மறுநாளே அக்கா நூலகத்துக்கு மாற்றப்பட்டார்.

இதற்கிடையில் புதிய கருவிகள் வந்து இறங்கின. சிவப்புத் திரவம் நிரப்பியவை, டிஜிட்டல், நெற்றிக்கு நீட்டுபவை. நான் ஒவ்வொரு துறையாகப் போய்ச் செய்து காட்டினேன். சிவப்புத் திரவம் பெட்டியில் குலுங்கி வந்ததில் துண்டு துண்டாகப் பிரிந்திருந்தது. வெந்நீரில் வைத்து மெல்ல ஒன்றுசேர்க்க வேண்டியிருந்தது. மூன்று டிஜிட்டல் முனைகளை ஒரே பனிக்கட்டித் தண்ணீரில் விட்டால் மூன்று எண் காட்டின. இயற்பியல் தலைவர் பனிக்கட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். மாற்றிக் கொடுக்கச் சொல்லி விற்றவர்களுக்கு எழுதினேன், மாற்றிக் கொடுத்தார்கள். இவை எல்லாம் செய்யக்கூடிய வேலைகள். செய்யச் செய்ய மனசுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

திரும்பப் பெற்றவற்றை என்ன செய்வது என்பதுதான் முடியவில்லை. சுற்றறிக்கையில், 'உரிய முறையில் அப்புறப்படுத்த வேண்டும்' என்று ஒரு வாக்கியம் இருந்தது. உரிய முறை எங்கே இருக்கிறது என்று தேடினேன். வேதிக்கழிவு எடுக்கும் நிறுவனம் ஒன்றுக்குப் போன் போட்டேன். கண்ணாடி உடைசலை எடுப்போம், திரவமாக இருக்கும் பாதரசத்தை எடுக்க மாட்டோம் என்றார்கள். இன்னொரு நிறுவனம், இவ்வளவு கொஞ்சத்துக்கு வண்டி அனுப்ப முடியாது, நிறையச் சேர்த்துவைத்துச் சொல்லுங்கள் என்றது. சம்பந்தப்பட்ட அரசு அலுவலகத்துக்கு நேரில் போனேன். அங்கே இருந்தவர் என் மனுவை வாங்கிப் படித்துவிட்டு, "நல்ல விஷயம்தாங்க பண்ணியிருக்கீங்க. ஆனா இதுவரைக்கும் யாரும் இதைக் கொண்டுவந்து கேட்டதில்லை. மேல கேட்டுச் சொல்றேன்" என்றார். மேலே கேட்டாரோ என்னவோ. முலாம் பூசுகிறவர் ஒருவர் வளாகத்துக்கே தேடி வந்து, தனக்குக் கொடுத்துவிடும்படி கேட்டார். அவருடைய பட்டறையில் எத்தனை பேர், அதைத் தீயில் காட்டும்போது யார் பக்கத்தில் நிற்பார்கள் என்று நினைத்து மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கடைசியில் எல்லாவற்றையும் மணல் நிரப்பிய டிரம்மில் வைத்து மூடி, பழைய கேஸ் சிலிண்டர் அறையில் வைத்துப் பூட்டினோம். கதவில் நானே அபாயம் என்று எழுதி ஒட்டினேன். ஆய்வகங்களிலிருந்து எடுத்தாயிற்று என்று அறிக்கை கொடுத்தேன். அது உண்மைதான். ஆண்டுவிழா மலரில் அதை ஒரு சாதனையாகப் போட்டார்கள். வண்டிக்குப் பக்கத்தில் நான் நிற்கும் படத்தோடு. படம் எடுத்த அன்று அக்கா விடுப்பில் இருந்தார்.

நூலகத்தில் அக்காவுக்குப் புத்தக முதுகில் எண் ஒட்டும் வேலை. நடுங்கும் கைக்கு அதைவிடப் பொருத்தமில்லாத வேலை வேறு கிடையாது. சீட்டு கோணலாக ஒட்டிக்கொள்ளும். உரித்தால் அட்டை கிழியும். நூலகர் தன்மையானவர், ஒன்றும் சொல்ல மாட்டார். அவர் சொல்லாமல் இருந்ததுதான் அக்காவைத் தின்றது. மதிய இடைவேளையில் நான் போகும்போதெல்லாம் அவர் கடைசி அடுக்குக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். ஒன்பது மாதம் அப்படி ஓட்டினார். பிறகு ஒருநாள், விருப்ப ஓய்வுக்கு எழுதிக்கொடுக்கப் போவதாகச் சொன்னார்.

"இன்னும் நாலு வருஷம் இருக்கேக்கா."

"என்னால சும்மா உக்காந்து சம்பளம் வாங்க முடியலை மேடம்."

படிவத்தில் கையெழுத்துப் போட அலுவலகத்துக்கு நானும் கூடப் போனேன். எழுத்தர் ஒரு இளம்பெண். படிவத்தையும் கோப்பில் இருந்த பழைய கையெழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"ஒத்துப்போகலைங்களே. இன்னொரு தடவை போடறீங்களா?"

அக்கா இன்னொரு தடவை போட்டார். பேனா தாளைக் குத்திக் கிழித்தது. வேறு படிவம் கொண்டுவந்தாள். இடது கையால் வலது மணிக்கட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி, மூன்றாவது தடவை. முதல் எழுத்து வந்தது. அப்புறம் கோடு எங்கோ ஓடியது.

"பரவாயில்லைங்கம்மா, ரேகை வச்சுடலாம்" என்றாள் அந்தப் பெண், மைப் பெட்டியை எடுத்துக்கொண்டே.

"வேண்டாம்" என்றார் அக்கா. ரொம்ப நாளைக்கப்புறம் அந்தப் பழைய குரல் கேட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "நான் பத்தாவது பாஸ். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்."

"தெரியும்மா, இல்லைன்னு சொல்லலை. ஒத்துப்போகணுமே..."

அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. அவள்மேல் என்ன தப்பு? அக்கா என்னைப் பார்த்தார். நான் எதையாவது சொல்லி இதை நிறுத்துவேன் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. நான் படிவத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் மெல்லக் கையை நீட்டினார். கட்டைவிரல் ஆடிக்கொண்டே இருந்ததால் ரேகை கலையும் என்று, அந்த விரலைப் பிடித்து மையில் ஒற்றி, தாளில் வைத்து அழுத்தியது நான்தான்.

துணியால் அவர் விரலைத் துடைத்துவிட்டேன். முழுக்கப் போகவில்லை.

"விடுங்க மேடம், வீட்ல போய் சோப்பு போட்டுக்கறேன்" என்றார்.

அந்த வருஷக் கடைசியில் நான் பாதுகாப்புக் குழுப் பொறுப்பை விட்டுவிட்டேன். மற்ற உதவியாளர்களைப் பரிசோதிக்க வேண்டும் என்று தனியாக ஒரு கடிதம், என் பெயரில் மட்டும், பதிவாளருக்குக் கொடுத்திருந்தேன். பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது. அதற்கு மேல் நகரவில்லை. இரண்டு பேரை நானே தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். ஒருவர் பரிசோதனைக்குப் போனார், ஒன்றும் இல்லை என்று வந்தது. இன்னொருவர், "எனக்கு நல்லாத்தான் இருக்கு மேடம், கிளப்பி விடாதீங்க" என்றார்.

போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா போன் செய்தார். பெருமாளைச் சேவிக்க மகளோடு ஸ்ரீரங்கம் வந்திருப்பதாகவும், என் வீட்டுக்கு வரலாமா என்றும் கேட்டார். வாங்க, சாப்பிட்டுத்தான் போகவேண்டும் என்றேன். மகளுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு சிநேகிதி இருந்தாள். அம்மாவை என் வீட்டில் விட்டுவிட்டு அவள் அங்கே போய்விட்டாள். என் கணவர் பொன்மலையில் ரயில்வேயில் இருக்கிறார், அன்றைக்கு ஷிப்ட். வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

அக்கா இளைத்திருந்தார். நடுக்கம் கையிலிருந்து தலைக்கும் கொஞ்சம் ஏறியிருந்தது. மாத்திரை சாப்பிடுகிறாராம்; சில நாள் கேட்கிறது, சில நாள் கேட்பதில்லை. நான் சாம்பார் வைத்து, ரசம் வைத்து, பாயசமும் செய்திருந்தேன். இலையைப் பார்த்ததும் அவர் தயங்கினார். "குழம்பெல்லாம் வேண்டாம் மேடம். கெட்டியா ஏதாவது இருந்தா போதும், சிந்தாம இருக்கும்" என்றார். எனக்கு ஏன் தோன்றவில்லை என்று என்னையே நொந்துகொண்டேன். உள்ளே போய் அவசரமாகக் கொஞ்சம் எலுமிச்சம்பழச் சாதம் கலந்து கொண்டுவந்தேன். அவர் சாப்பிடும்போது பார்க்கக்கூடாது என்று நானும் என் இலையையே பார்த்துச் சாப்பிட்டேன்.

சாப்பிட்டு முடித்துக் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது, எதைப் பற்றியோ பேசிக்கொண்டிருந்தவர், நிறுத்திவிட்டுக் கேட்டார்:

"மேடம், எனக்கு இது அதனாலதானா?"

இத்தனை நாளில் அவர் கேட்டது அதுதான் முதல்தடவை. டாக்டர் முன்னால் கேட்கவில்லை, படிக்கட்டில் கேட்கவில்லை. நான் ஆமாம் என்று சொல்ல நினைத்தேன். ஆமாம், நான்தான் உங்களை எடுத்து வைக்கச் சொன்னேன், என்னை மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வேண்டும்போல இருந்தது. சொன்னால் எனக்குப் பாரம் இறங்கியிருக்கும். அவருக்கு என்ன கிடைத்திருக்கும்? இல்லை என்று சொன்னால் அது பொய்யாக இருக்கலாம்.

"தெரியலைக்கா" என்றேன். "இருக்கும்னுதான் எனக்குத் தோணுது. ஆனா தெரியலை. நான்தான் உங்களைத் தொடச் சொன்னேன். அது மட்டும் தெரியும்."

அவர் தலை லேசாக ஆடிக்கொண்டே இருந்தது. ஆமாம் என்கிறாரா, இல்லை என்கிறாரா, நடுக்கம்தானா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"நீங்க மட்டுமா சொன்னீங்க" என்றார் கடைசியில். "எல்லாருந்தான் தொட்டோம்." அப்புறம் மின்விசிறியைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னார்.

சாயங்காலம் மகள் வந்து கூட்டிக்கொண்டாள். பஸ் ஏற்றிவிட நானும் கூடப் போனேன். சத்திரம் போய் அங்கே துவாக்குடி பஸ் மாறவேண்டும். கூட்டம் அதிகம்; முதல் பஸ்ஸை விட்டுவிட்டோம். இரண்டாவதில் ஒரு அம்மா தன் பையை மடியில் எடுத்துவைத்துக்கொண்டு அக்காவுக்கு இடம் கொடுத்தார். மகள் நின்றுகொண்டாள். நான் ஜன்னலுக்குக் கீழே நின்றிருந்தேன். கண்டக்டர் வந்து டிக்கெட்டை நீட்டியதும் அக்கா வழக்கம்போலக் கை நீட்டினார்; டிக்கெட் விரலில் நிற்காமல் கீழே விழுந்தது. பக்கத்தில் இருந்த அம்மா குனிந்து எடுத்து, அதைச் சுருட்டி அக்காவின் வளையலுக்குள் செருகிவிட்டார்.

"போயிட்டு வரேன் மேடம்" என்றார் அக்கா.

"போயிட்டு வாங்கக்கா" என்றேன். பஸ் பாலத்துப் பக்கம் திரும்புகிற வரைக்கும் நின்றேன்.